ஏணியின் கோணல்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டட வேலையை எடுத்திருக்கும் காண்ட்ராக்டர் இன்று நம் கடையை விட்டுப் போய்விட்டார். பதினெட்டு வருஷப் பழக்கம். சண்டைகூடப் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் திரும்பி வருவார் என்று நம்பலாம். எழுந்தார், நாற்காலியைச் சரியாக நகர்த்தி வைத்தார், போனார். அப்படிப் போகிறவன் திரும்ப மாட்டான்.

அவர் கேட்டது இரண்டு இஞ்ச் குழாய், அதோடு வால்வு. வால்வின் அளவைப் பிறகு போனில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள் அவர் ஆட்கள். கடையில் பில் அடிக்கும் பில்லக்கா குழாய் வரியை அடித்துவிட்டு, வால்வு வரியில் அளவுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். எங்கள் கடையில் தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைப்பது பழக்கம். நடுவில் இன்னொரு போன். புள்ளி விட்டுப்போயிற்று. ஒன்றரை இஞ்ச் என்று பிறகு தகவல் வந்தபோது பில் ஏற்கெனவே குடோனுக்குப் போயாயிற்று, இரண்டு இஞ்ச் என்று. ஏன்? நாங்கள் பில் போடும் ஏணி அப்படித்தான். கட்டம் காலியாக இருந்தால் மேல் வரியில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். கேட்காது. சொல்லாது.

லாரி நிறைய இரண்டு இஞ்ச் வால்வு. அங்கே சுவரை உடைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வியாபாரத்தில் சரக்கு மாறுவது உண்டு. தாங்க முடியாதது அடுத்தது. மச்சானுக்கு ஆள் அனுப்பினேன். ஏணி அவன் செய்த கம்ப்யூட்டர் மொழி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் குடோன் மாடியில் உட்கார்ந்து, என் காசில் வாங்கிய கம்ப்யூட்டரில் செய்தான். இன்றைக்கு இந்தத் தெருவில் குழாய்க்கடை, பெயிண்ட்கடை, மோட்டார்கடை எல்லாம் அதில்தான் பில் போடுகின்றன. மேதை என்று தெருவே கூப்பிடுகிறது. மேதை சாவகாசமாக வந்தது. காண்ட்ராக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னது:

"மொழி சரியாத்தான் இருக்கு மாப்ள. காலியா விட்டா மேல இருக்கறத எடுக்கும். அது ஏணியோட குணம். அடிக்கறவங்க மூளைய வீட்டுல வச்சிட்டு வந்தா நான் என்ன பண்றது?"

பில்லக்கா ஸ்கிரீனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"மச்சான், பேச்ச அளந்து பேசுங்க" என்றேன்.

"உங்களுக்குப் புரியாது மாப்ள. நீங்க சரக்கு வாங்கி விக்கிறவரு. இது வேற படிப்பு."

இதைக் கேட்டபிறகுதான் காண்ட்ராக்டர் எழுந்தார்.

சரி. வேற படிப்பு. படிப்போம்.

ஜூன் 4, புதன்

சைக்கிளில் குழாய் கட்டிக்கொண்டு போன காலத்தில்கூட என்னை யாரும் இப்படி வாடிக்கையாளர் முன்னால் வைத்துப் பேசியதில்லை.

ஜூன் 7, சனி

வீட்டில் இதைப் பற்றி இவளிடம் வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"எங்க அண்ணன் அப்படிப் பேசினது தப்புதான்."

"தப்புன்னு அவன் சொல்லட்டும்."

"அவரு பொறந்ததுலருந்து அந்த வார்த்தைய சொன்னதில்ல. எங்கப்பா சட்டைய இஸ்திரியில எரிச்சுட்டு, துணி சரியில்லன்னு சொன்ன ஆளு."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம்.

யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு வருமானம் எங்கிருந்து? வருஷா வருஷம் ஜூலை கடைசியில் ஒவ்வொரு கடையும் அவனோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது. ஏன் புதுப்பிக்கிறது? ஏணி எங்கே கவிழ்க்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். அந்தக் கோணல்கள்தான் அவன் சொத்து. கோணலை நிமிர்த்திவிட்டால்? வழி தெரியாத காட்டுக்குத்தான் வழிகாட்டி. ரோடு போட்டுவிட்டால் அவன் யார்?

அன்றைக்கு எழுதிய பத்திரத்தைத் தேடி எடுத்தேன். அப்போதே எழுதி வாங்கியிருக்கிறேன் - ஏணியின் உரிமை கடையின் பேரில். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனுக்கு இது வேற படிப்பு.

ஜூன் 12, வியாழன்

ஆள் கிடைத்துவிட்டது. பெரிய பேங்க் ஒன்றின் பழைய கம்ப்யூட்டர் மொழியை இருபது வருஷம் பார்த்துக்கொண்ட அம்மா. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இருக்கிறார். குடோன் மாடிக்குக் கூட்டிப் போய் ஏணியின் உள்ளே இருக்கும் எழுத்தெல்லாவற்றையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யார் சார் எழுதினது?"

"எங்க மச்சான்."

"புத்திசாலி."

எனக்கு முகம் கறுத்திருக்க வேண்டும். உடனே சேர்த்துக்கொண்டார்: "புத்திசாலி எழுதினதத்தான் சார் சுத்தம் பண்றது கஷ்டம். முட்டாள் எழுதினது அதுவே ஒடஞ்சு விழுந்துடும். ஆமா, இத ஏன் பண்ணணும்னு நெனைக்கிறீங்க?"

தெருவுக்கு நல்லது என்றேன்.

"மச்சானுக்கு?"

இந்த அம்மாவிடம் பேரம் பேசுவது கஷ்டம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கேட்ட சம்பளத்துக்கே ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை பெண் பார்க்கப் போனபோது.

ஜூன் 20, வெள்ளி

தினம் மதியம் மாடிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பேங்க்கம்மா ஒவ்வொரு கோணலாக எடுத்துக் காட்டுகிறார். கடன்காரனின் வீட்டைச் சோதனை போடுவது போல அவ்வளவு சந்தோஷம்.

ஏணியில் சமக்குறி ஒன்றுதான். கேள்விக்கும் அதுவே, கட்டளைக்கும் அதுவே. "சரக்கு வந்ததா?" என்று கேட்டு எழுதினால், எழுதும் இடத்தைப் பொறுத்து, "சரக்கு வந்தது" என்று அதுவே பதிந்துகொள்ளும். கேட்டதற்கே வந்துவிட்டதாம்! இப்படிச் சரக்கு வந்தால் நான் ஏன் லாரிக்காரனோடு மல்லுக்கட்டுகிறேன்?

அலமாரியை ஒன்றிலிருந்து எண்ணும். அதே அலமாரியின் தட்டுகளைச் சைபரிலிருந்து எண்ணும். மூன்றாம் தட்டு என்றால் நான்காம் தட்டில் கை வைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. எண்ணுக்கு முன்னால் சைபர் போட்டுவிட்டால் ஏணி பத்துப் பத்தாக எண்ணுவதை விட்டு எட்டு எட்டாக எண்ண ஆரம்பித்துவிடும். 010 என்று அடித்தால் அதற்கு எட்டு. பழைய கம்ப்யூட்டர் மொழிகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம், படித்தவர்களுக்கு வசதியாம்.

"பத்துப் பெட்டி எறக்கி 010ன்னு பதிஞ்சா?"

"எட்டுப் பெட்டி சார்."

"மீதி ரெண்டு?"

"ஏணி சாப்பிட்டுடும்."

போன வருஷம் பெயிண்ட்கடைக்காரர் தன் குடோன் ஆளைத் திருடன் என்று வேலையை விட்டு நிறுத்தினாரே. கம்பெனி பில்லுல பத்து, கணக்குல எட்டு, பத்துக்கு ரெண்டு குறையுது என்று தெருவெல்லாம் சொன்னாரே.

யாரிடமும் சொல்லவில்லை. இதை எங்கே வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

மச்சானைத் தெருவில் பார்த்தேன். "என்ன மாப்ள, மாடியில வெளக்கு எரியுது?" என்றான். "ஒட்டடை அடிக்கிறோம் மச்சான்" என்றேன்.

ஜூலை 5, சனி

இன்று கடைக்காரர் சங்கக் கூட்டம். நெடுநாள் காத்திருந்த சாப்பாடு போல இருந்தது.

கம்ப்யூட்டரைக் கூட்டத்துக்கே தூக்கிப் போனோம். மச்சானுக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பேங்க்கம்மா அடித்தார், நான் பேசினேன். சமக்குறியைக் காட்டினேன். "சரக்கு வந்ததா" என்று கேட்டோம், திரையில் கையிருப்பு கூடியது. எல்லாரும் சிரிக்கிறார்கள். மோட்டார்கடைத் தம்பி, "அண்ணே, எங்க கடைக்கும் அஞ்சாறு கேள்வி கேட்டுட்டுப் போங்கண்ணே" என்கிறான்.

மச்சான் எழுந்தான். "அத அந்த எடத்துல எழுதக் கூடாது. விதி இருக்கு. புத்தகத்துல வரும்."

"எந்தப் புத்தகம்?" - சங்கத் தலைவர். பம்ப்கடை வைத்திருக்கிறார், நிதானமான ஆள்.

"ஏணிக்கான புத்தகம்."

"எங்க கெடைக்கும்?"

"இன்னும் எழுதல."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. எனக்கு அது பத்தாது. அப்போதுதான் 010 எடுத்தேன். பத்துப் பெட்டி என்று அடித்தோம். எட்டு என்று வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். பெயிண்ட்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அந்த ஆளு எடுக்கலையா?"

அவர் மச்சானைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "உங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டேனேய்யா, கணக்கு எங்கயோ ஒதைக்குதுன்னு. அடிக்கறவன் தப்புன்னு சொன்னீங்களே."

மச்சான் வெளியே போய்விட்டான்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து தெரு முழுக்க என் புது ஏணி. முதல் வருஷம் இலவசம் என்று சொல்லிவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. ஜூலைக் கடைசியில் அவனோடு புதுப்பிக்க ஒருவரும் இல்லை.

வயிறு நிறைந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

பெயிண்ட்கடைக்காரர் அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போய்க் கூட்டி வந்துவிட்டாராம். நல்லது. இந்தப் பழியில் இதுவரை சுத்தமான லாபம் என்றால் அது ஒன்றுதான்.

ஜூலை 8, செவ்வாய்

இவள் மூன்று நாளாக வேண்டியதற்கு மேல் பேசவில்லை. இன்று பேசினாள்.

"எங்க அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயசாகுது. வேற என்ன தொழில் தெரியும் அவருக்கு?"

"அன்னிக்கு பில்லக்காவப் பேசும்போது அந்தம்மா வயசு என்னன்னு அவன் கேட்டானா?"

"அவரு ஒரு வார்த்த பேசினாரு. நீங்க அடுப்பையே அணைக்கிறீங்க. ரெண்டும் ஒரே தராசுலயா நிக்குது?"

"தராசு என் தொழில். நீ அதப் பத்திப் பேசாத."

"உங்க தொழில்ல தட்டு எந்தப் பக்கம் சாயணும்னு நீங்கதானே விரல வைக்கிறீங்க" என்றாள்.

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள். எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியும்.

ஜூலை 17, வியாழன்

பேங்க்கம்மாவோடு வாக்குவாதம். இன்னும் ஒரு கோணல் பாக்கி. எனக்கு முதல் எதிரி அதுதான் - அந்தக் காலிக் கட்டம். இனிமேல் காலி என்றால் காலி, மேல் வரியை எடுக்கக் கூடாது என்றேன்.

"பண்ணிடலாம். ஆனா சார், யாராவது வேணும்னே காலியா விடறாங்களா?"

"எவன் வேணும்னே விடுவான்?"

"விசாரிச்சீங்களா? எங்க பேங்க்ல ஒரு தப்பு இருந்துச்சு. பதினஞ்சு வருஷமா. திருத்தினோம். மறுநாள் நாப்பது கிளையிலருந்து போன். ஏன் ஒடச்சீங்கன்னு. தப்பு ரொம்ப நாள் இருந்தா சார், அது மேல ஜனங்க வீடு கட்டிடுவாங்க."

"எங்க கடையில புள்ளி வைக்கிறோம். காலியா விடறதே கெடையாது."

"மத்த கடை?"

"மத்த கடைக்காரனுக்கு மட்டும் அறிவு இல்லையா?"

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கட்டம் காலியாக இருந்தால் பில்லை நிறுத்தி "அளவு என்ன?" என்று ஏணி கேட்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கடையின் புரோகிராமிலும் கை வைக்க வேண்டும், நாள் பிடிக்கும். இன்னொன்று, ஒரு மாதம் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், எங்கே வித்தியாசம் வருகிறது என்று பார்க்கலாம்.

ஒரு மாதம்! ஒரு மாதம் தள்ளினால் ஜூலை முப்பத்தொன்று தாண்டிவிடும். நடுவில் எவனாவது மனசு இளகி அவனோடு கையெழுத்துப் போட்டுவிடுவான். முடியாது என்றேன்.

"அவசரம் ஏணிக்கா, உங்களுக்கா?"

"சம்பளம் யார் குடுக்கறதும்மா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கதான் சார்" என்றார். அவ்வளவுதான். காலி என்றால் காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 31, வியாழன்

ஒருவரும் போகவில்லை. ஒரே ஒருவர்கூட. மச்சான் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தானாம், காலையிலிருந்து மாலை வரை. மோட்டார்கடைத் தம்பி சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இவள் உள்ளேயிருந்து கதவைச் சாத்தினாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புது ஏணி எல்லாக் கடையிலும் ஏறிவிட்டது. பத்து பத்தாக இருக்கிறது. மூன்றாம் தட்டு மூன்றாம் தட்டாக இருக்கிறது. பில்லக்கா முதல் பில்லை அடித்துவிட்டு, "இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுது" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் கடை திறப்பதற்குள் தலைவர் போன். கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை அவர். கத்தினார். நேற்று அவர் கடையிலிருந்து போன நாலு லாரியும் அரை இஞ்ச் சாமானோடு போயிருக்கிறது. கேட்டது முக்கால், ஒன்று, இரண்டு. ஒன்றிரண்டு பெட்டி தவிரப் போனது எல்லாம் அரை. அவர் போனை வைப்பதற்குள் மோட்டார்கடை. அடுத்து இன்னொரு குழாய்க்கடை. தெரு முழுக்க அரை இஞ்ச்.

ஓடினேன். தலைவர் கடையில் பில் அடிக்கும் பெண்ணிடம் கேட்டேன், அளவு ஏம்மா போடலை?

"போட்டேனே சார். மொத வரியில போட்டேன்."

"மத்த வரியில?"

"மேல போட்டா கீழயும் அதானே சார்? எப்பவும் அப்படித்தானே. முப்பது வரி இருந்தா ஒரு தடவ அடிச்சா போதும். காலியா விட்டா அதுவே எடுத்துக்குமே."

வசதியாம்! தெருவில் எங்கள் கடையைத் தவிர எல்லாக் கடையிலும் வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தானாம். நாங்கள் புள்ளி வைத்துத் தப்பிக்கிற பள்ளத்தை அவர்கள் படிக்கட்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, அளவு இல்லாமல் பில் போனால் குடோனில் திருப்பிக் கேட்க மாட்டார்களா? மாட்டார்கள். இந்தத் தெருவில் எந்தக் குடோனிலும் அளவு எழுதாத சீட்டு என்றால் அரை இஞ்ச். அதிகம் விற்பது அரை இஞ்ச் என்பதால் கைச்சீட்டுக் காலத்திலிருந்து அப்படி. யார் கொண்டுவந்த பழக்கம் அது? சைக்கிளில் சரக்கு ஏற்றிய காலத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வைத்துக்கொண்டதுதான். எனக்குத் தெரியாததா? தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவனை நினைத்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் நினைக்கவில்லை.

பேங்க்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியத்துக்குள் எல்லாக் கடையிலும் பழைய ஏணியையே திரும்ப ஏற்றிவிட்டார்.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவரு திமிர்ல எங்களக் கவுத்தாரு. நீங்க வீம்புல கவுத்தீங்க. பதிமூணாம் தேதி கூட்டம் போடறேன். வெளிக் கம்பெனி ஒண்ணு புதுசா மொத்தமா மாத்தித் தர்றேன்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கு. உங்க குடும்பச் சண்டைக்கு எங்க கடை என்ன மைதானமா?"

வெளிக் கம்பெனி வந்தால் ஏணி இல்லை. ஏணி இல்லையென்றால் மச்சானும் இல்லை, நானும் இல்லை. இந்தத் தெருவில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? வார்த்தையை வைத்துத்தானே கடன் இல்லாமல் சரக்கு எடுத்து இவ்வளவு தூரம் வந்தேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

மச்சான் கடைக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை. இவளும் அனுப்பவில்லை - "நான் என்ன தபால்காரியா?" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

நக்கல் அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் மாடிக்கு ஏறினான். பின்னால் போனேன். பேங்க்கம்மா திருத்திய எழுத்தை நின்றபடியே படித்தான். உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேங்க்கம்மாவே நாற்காலி போட்டார்.

"010 எடுத்தது நல்லா எடுத்திருக்கீங்க" என்றான் அவரிடம். "சமக்குறிய ரெண்டா பிரிச்சதும் சரி. நானும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்தேன்."

"பிரிச்சிட்டு?" - நான்.

"திரும்ப ஒட்டிட்டேன்."

"ஏன்?"

அப்போதுதான் என்னைப் பார்த்தான். "மாப்ள, அந்தக் காலிக் கட்டம் தப்புன்னு எனக்கு மூணாம் மாசமே தெரியும். நான் அப்படி நெனச்சு எழுதல. கட்டத்தக் கழுவ மறந்துட்டேன், பழசு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அவ்வளவுதான். திருத்தலாம்னு போறேன், பெயிண்ட்கடைக்காரரு 'ரொம்ப வசதிய்யா'ன்னு கையப் பிடிச்சுக் குலுக்கறாரு. இன்னும் மூணு கடைய அவரே சேத்து விட்டாரு. எப்படிச் சொல்லுவேன், அது வசதி இல்ல, என் மறதின்னு?"

"அதனால குணம்னு பேரு வச்சிட்டீங்க."

"வச்சிட்டேன்."

"பில்லக்காவ மூளை இல்லன்னு சொன்னீங்க. பெயிண்ட்கடை ஆளு திருடன்னு பேரு வாங்கினான். அவன் வீட்டுல ஒரு வருஷம் என்ன பாடு பட்டாங்களோ. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அடுத்த ஜூலைக்கு யாரு மாப்ள கூப்பிடுவாங்க?"

எனக்குக் கை பரபரத்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போல. ஆனால் அந்தப் பதில் - அது வியாபாரியின் பதில். நானே சொல்லியிருப்பேன். என் பதிலை அவன் வாயால் கேட்டதுதான் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். "இத எடுத்தா அங்க ஒடையும்", "அங்க ஏன் அப்படி வச்சீங்க", "அது ஒரு கதை" என்று ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடை எந்தக் கோணலின் மேல் எதைக் கட்டி வைத்திருக்கிறது என்று அவனுக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் பொத்திப் பொத்தி வளர்த்த பகையின் முன்னால் இரண்டு பேர் சிரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது பேங்க்கம்மா சொன்னார்: "சார், இவர் இல்லாம இத என்னால சுத்தம் பண்ண முடியாது. ஒடைக்கத்தான் முடியும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவன் வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

பேரம். இடம் என் வீட்டுக் கூடம். இவள் நடுவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

மாதச் சம்பளம் பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் கேட்டதும் நான் நினைத்ததும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இழுபறி அதற்குப் பிறகு.

"காண்ட்ராக்டர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். தப்பு ஏணியோடது, என் மொழியோடதுன்னு. பில்லக்காகிட்டயும். பெயிண்ட்கடை ஆளு வீட்டுக்கும் போகணும்" என்றேன்.

"எழுதிக் குடுத்துடறேனே."

"அந்தப் புத்தகம் எழுதின மாதிரியா?"

இவள் மடிப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். பிறகு சொன்னான்: "போறேன். ஆனா நீங்களும் சங்கத்துல எழுந்து நிக்கணும். ஒண்ணாந்தேதி கெட்டது ஏணியால இல்ல, உங்க அவசரத்தாலன்னு. அந்தம்மா ஒரு மாசம் கேட்டாங்கன்னும் சொல்லணும்."

"எதுக்கு?"

"நான் மூணு பேர் முன்னால. நீங்க ஒரே ஒரு கூட்டம் முன்னால. உங்களுக்குத்தான் லாபம் மாப்ள."

"கூட்டத்துல அறுபது பேர் இருப்பாங்க. யாருக்கு லாபம்?"

"நீங்க என்னப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சதும் அதே கூட்டத்துலதானே?"

சரி என்றேன். ஆனால் அவன் முதலில் என்றேன். நீங்க முதல்ல என்றான். நான் எழுந்தேன். அவனும் எழுந்தான். இவள் மடித்த போர்வையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, "சின்ன வயசுல எங்க அண்ணன் இப்படித்தான் பந்தையும் மட்டையையும் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. எதிர்ல நிக்க ஆள் இல்லாம இருந்துச்சு. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு" என்றாள்.

முடியாமல் கலைந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவன் முதலில் போகாவிட்டால் நான் போவதில்லை. அதில் மாற்றமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

முடிந்தது. பேங்க்கம்மா எழுதினார், இரண்டு பேரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை அவன் வரிக்கு வரி படித்தான்.

மாதம் ஒரு கோணல் மட்டும் நிமிர்த்துவது. அதற்கு முந்தின மாதம் முழுக்க, யாராவது அந்தக் கோணலைத் தொட்டால் ஏணி திரையில் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை வாசகத்தை நான் எழுதுவேன், மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி. அவன் கை வைக்கக் கூடாது. எதை முதலில் நிமிர்த்துவது என்று அவன் சொல்வான். நான் வாய் திறக்கக் கூடாது. காலிக் கட்டம் கடைசி. அது இனி காலியாகவும் நிற்காது, மேலே பார்த்தும் எழுதாது - நின்று கேட்கும். பேங்க்கம்மா வேண்டாம் என்றால் இரண்டு பேருக்கும் வேண்டாம். சங்கம் ஏணியைக் கைவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடியும்.

மன்னிப்பில்: அவனுடையது மூன்று, நாளை செவ்வாய். என்னுடையது ஒன்று, மறுநாள் புதன், கூட்டத்தில். இரண்டு நாள் முந்தி, இன்றைக்கே போகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு மேல் தர மாட்டேன் என்றுவிட்டான். ஒரு நாளுக்கே ஒத்துக்கொண்டேன்.